பெரிய அடி விழுந்த பிறகு: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே இருக்கும் கேள்விகள் எல்லாம் என்னிடம் நேரில் கேட்கப்பட்டவை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பெரிய அடி வாங்கியவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை, கவுன்சிலிங் என்று சொல்வார்கள். தொப்பூர் கணவாயில் வண்டி கவிழ்ந்து தப்பியவர்கள், கேழ்வரகுக் காட்டுக்குக் காவலுக்குப் போன ஆளை யானையிடம் பறிகொடுத்த வீடுகள், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியபோது இருந்ததையெல்லாம் தண்ணீருக்குக் கொடுத்தவர்கள், வெளியே சொல்ல முடியாத கொடுமையை வீட்டுக்குள்ளேயே அனுபவித்தவர்கள் என்று பலரும் வருகிறார்கள். யாருடைய அடையாளமும் தெரியக் கூடாது என்பதால் விவரங்களை மாற்றி எழுதியிருக்கிறேன். நீளமாகத்தான் இருக்கும், உங்களுக்கு வேண்டிய கேள்விக்கு நேராகப் போய்விடலாம். செத்துவிடலாம் என்ற நினைப்பு இந்த நிமிடமே ஓடிக்கொண்டிருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு, அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416-க்கு போன் போடுங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம்.

எனக்கு நடந்ததை மன அதிர்ச்சி என்று சொல்லலாமா? மற்றவர்களுக்கு இதைவிட மோசமாக நடந்திருக்கிறதே?

இந்தக் கேள்வியோடுதான் முக்கால்வாசிப் பேர் வருகிறார்கள். ஒரே வண்டியில் போய் கால் போனவர் ஆறு மாதத்தில் செயற்கைக் கால் வைத்துக்கொண்டு கடை திறந்துவிடுகிறார், சிராய்ப்போடு தப்பிய கிளீனர் பையன் ராத்திரி விளக்கை அணைக்க விடுவதில்லை. ஏனென்றால் டிரைவர் கேபினில் மாட்டிக்கொண்டு தண்ணீர் கேட்டபோது பக்கத்தில் இருந்தது அவன்தான். அடி எவ்வளவு பெரியது என்பதை உடம்பில் உள்ள தையலை வைத்து அளக்க முடியாது. உயிருக்கு ஆபத்து வந்ததா, கண் முன்னால் ஒருவர் செத்தாரா, உடம்பின் மீது அத்துமீறல் நடந்ததா, நெருங்கிய ஒருவரின் கோரச் சாவு செய்தியாக வந்து விழுந்ததா, அந்த நேரத்தில் ‘நான் ஒன்றும் செய்ய முடியாது’ என்று உள்ளே எல்லாம் கைவிட்டுப் போனதா, இதில் ஒன்று இருந்தாலே போதும். யாரோடும் ஒப்பிட்டுப் பார்த்து அனுமதி வாங்க வேண்டியதில்லை.

மூன்று வாரம் ஆகிறது. தூக்கம் இல்லை, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுகிறது. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா?

இல்லை. மூளை தன் வேலையைக் கொஞ்சம் அதிகமாகச் செய்கிறது, அவ்வளவுதான். ஒரு தடவை திருடன் வந்துபோன வீட்டு நாய் அதற்கப்புறம் பால்காரரைப் பார்த்தாலும் குரைக்கும் இல்லையா, அது மாதிரி. மூளைக்குள் அமிக்டலா என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. ஆபத்தை மோப்பம் பிடிப்பது அதன் வேலை. பெரிய ஆபத்து ஒன்றைப் பார்த்துவிட்ட பிறகு அதோடு சேர்ந்து பதிந்த எந்த வாடை, எந்தச் சத்தம், எந்த வெளிச்சம் வந்தாலும் யோசிக்கிற பகுதியைக் கேட்காமலே அட்ரினலினைத் திறந்துவிட்டுவிடும். நெஞ்சு படபடக்கும், கை சில்லிடும், ஓடிவிடலாம் போல இருக்கும்.

ராயக்கோட்டையிலிருந்து தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு சேலம் போன டிரைவர் ஒருவர், கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய், எப்படியோ உயிரோடு வெளியே வந்தவர். ஒரு மாதம் கழித்துத் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒரு பஸ் வந்து நிற்கிறது. பிரேக் லைனர் கருகுகிற அந்த வாடை வந்ததும் டம்ளர் கையை விட்டுப் போய்விட்டது, சட்டை முழுக்க வியர்வை, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஹார்ட் அட்டாக் என்று தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. அவருக்கு வந்தது பயத்தின் ஞாபகம். வாடை வழியாக வருகிற ஞாபகத்துக்கு வேகம் அதிகம், அது முன்கூட்டியே சொல்லிவிட்டு வருவதில்லை.

இந்த மாதிரி ஆகும்போது செய்ய ஒன்று சொல்கிறேன். கால் இரண்டையும் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள், தொட்டு உணர்கிற நான்கு, காதில் விழுகிற மூன்று, வாடை இரண்டு, நாக்கில் ருசி ஒன்று. கூடவே மூச்சை உள்ளே இழுக்கிற நேரத்தைவிட வெளியே விடுகிற நேரத்தை நீளமாக்குங்கள். ‘இப்போது நான் பஸ் ஸ்டாண்டில் இருக்கிறேன், இன்றைக்கு வெள்ளிக்கிழமை’ என்று உடம்புக்குத் தெரியப்படுத்துவதற்காகத்தான் இவ்வளவும். பயத்தை இது விரட்டிவிடாது, ஆனால் அலை ஏறி இறங்குகிறவரை பிடித்துக்கொள்ள ஒரு பிடி கிடைக்கும்.

எவ்வளவு நாள் வரைக்கும் இது சாதாரணம்?

முதல் சில வாரம் கெட்ட கனவு, திடுக்கிடல், சாப்பாடு இறங்காமை, திடீர் அழுகை எல்லாம் பலருக்கும் வரும், பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே குறைந்துகொண்டு வரும். ஒரு மாதம் தாண்டியும் காட்சிகள் அப்படியே கண்ணுக்குள் ஓடுகின்றன, அந்த இடத்தையும் ஆட்களையும் தவிர்த்துத் தவிர்த்து வாழ்க்கையே சுருங்குகிறது, எல்லாவற்றுக்கும் காரணம் நான்தான் என்ற எண்ணம் போகவில்லை, எந்நேரமும் உடம்பு உஷாராகவே இருக்கிறது, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் அதற்கு பி.டி.எஸ்.டி. என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அதற்கு நல்ல சிகிச்சையும் இருக்கிறது. 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்ப் பட்டியலில் இதைச் சேர்த்தார்கள். அதற்கு முன்னால் போரிலிருந்து திரும்பியவர்களைக் கோழை என்று சொன்ன காலமும் உண்டு. நம் ஊரில் இன்னும் ‘நெஞ்சுரம் இல்லாதவன்’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

‘அதிர்ச்சிக்குப் பிந்தைய வளர்ச்சி’ என்று வீடியோக்களில் சொல்கிறார்களே, அது என்ன?

1990-களின் நடுவில் அமெரிக்காவின் வட கரோலினாவில் ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹூன் என்ற இரண்டு உளவியலாளர்கள் வைத்த பெயர் அது. துணையை இழந்தவர்கள், உடம்பு முடங்கியவர்கள் என்று பலரிடம் பேசிப் பார்த்ததில், வலியைச் சொன்னவர்களே கூடவே வேறு சிலதையும் சொன்னார்கள். 1996-இல் அதை அளக்க 21 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலையும் வெளியிட்டார்கள். மாற்றம் தெரிகிற இடங்கள் என்று ஐந்தைச் சொன்னார்கள்: மனுஷங்களோடு உறவு நெருக்கமாவது, ‘இதையே தாங்கிட்டேன்’ என்று தன் பலம் தெரிவது, முன்னால் யோசித்தே பார்க்காத ஒரு வழி திறப்பது, சின்னச் சின்ன விஷயங்களின் அருமை புரிவது, கடவுளைப் பற்றியோ வாழ்க்கையின் அர்த்தத்தைப் பற்றியோ இருந்த எண்ணம் ஆழப்படுவது.

கேட்க வெளிநாட்டு விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் மாரண்டஹள்ளிப் பக்கத்தில் கணவரை யானைக்குப் பறிகொடுத்த ஒரு அக்கா, அதுவரை பேங்க் வாசலை மிதித்ததில்லை, நஷ்ட ஈட்டுக்காக வனத்துறை அலுவலகம், தாலுகா ஆபீஸ், வாரிசுச் சான்று என்று அலைந்து அலைந்து, இன்றைக்கு அந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். ‘அவர் இருந்திருந்தா நான் இதெல்லாம் கத்துக்கிட்டிருக்க மாட்டேன் சார்’ என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே ‘கத்துக்காமயே இருந்திருக்கலாம்’ என்றார். இரண்டும் உண்மை, இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கிறது. வளர்ச்சி வந்தால் வலி போய்விடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், டெடெஸ்கியும் கால்ஹூனுமே அப்படிச் சொல்லவில்லை.

அப்படியென்றால் கஷ்டம் வருவதும் ஒருவகையில் நல்லதுக்குத்தானா?

இல்லவே இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தலைப்பில் அதிகம் பேரைக் காயப்படுத்துகிற தவறு இதுதான்.

அரூர்ப் பக்கம் வாச்சாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20-ஆம் தேதி, சந்தன மரக் கடத்தலைத் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்கள் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், ஆட்களை அடித்து இழுத்துப் போனார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். ஊர் மக்கள் பின்வாங்கவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரிகளும் கூட நின்றார்கள், வழக்கு சி.பி.ஐ.-க்குப் போனது, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 29-இல், உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. சம்பவம் நடந்து 31 வருஷம்.

அந்தப் பெண்கள் போலீஸ் முன்னால் நின்று அடையாளம் காட்டினார்கள், நீதிமன்றக் கூண்டில் குறுக்கு விசாரணையைத் தாங்கினார்கள். அவர்களுடைய துணிச்சலைப் பார்த்து எனக்கு மரியாதை பொங்குகிறது. ஆனால் ‘அந்தக் கொடுமை அவர்களை வலுவாக்கியது’ என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும். கொடுமை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது மட்டும்தான் உண்டு. வலு வந்தது சேர்ந்து நின்றதில், நம்பிக் கேட்க ஆள் இருந்ததில், நடந்தது குற்றம் என்று ஊரறியச் சொல்லப்பட்டதில். நடந்த சம்பவத்திலிருந்து வளர்ச்சி வராது, அதற்கப்புறம் மனுஷன் போராடுகிற போராட்டத்திலிருந்தும், அந்தப் போராட்டத்தில் கூட யார் இருக்கிறார்கள் என்பதிலிருந்தும்தான் வரும். யாரும் கூட இல்லாமல் தனியாக விட்டுவிட்டு ‘வளர்ந்து காட்டு’ என்று சொல்வது இன்னொரு அடி.

எனக்கு எந்த வளர்ச்சியும் வரவில்லை. பழைய மாதிரி சமைக்கிறேன், வேலைக்குப் போகிறேன். என்னிடம் ஏதாவது குறையா?

ஒரு குறையும் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் பொனான்னோ பல வருஷம் இதையே ஆராய்ந்தவர். பெரிய இழப்புக்குப் பிறகு அதிகம் பேர் போகிற பாதை, கொஞ்ச நாள் தடுமாறிவிட்டுத் தங்கள் அன்றாட வாழ்க்கையைத் தொடர்வதுதான் என்று அவர் காட்டினார். பெரிதாக உடையாதவருக்குப் பெரிதாக மாறவும் அவசியம் இருக்காது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ‘நான் மாறிவிட்டேன், பலமாகிவிட்டேன்’ என்று ஒருவர் சொல்வதும் நிஜமாகவே மாறியிருப்பதும் ஒன்றா என்று 2009-இல் பாட்ரிசியா ஃப்ரேசியர் என்ற ஆய்வாளரின் குழு கல்லூரி மாணவர்களிடம் சோதித்தது. சம்பவத்துக்கு முன்னாலும் பின்னாலும் அளந்து பார்த்தபோது, அவர்கள் சொன்ன வளர்ச்சிக்கும் அளவில் தெரிந்த மாற்றத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. சில நேரம் ‘நான் வளர்ந்துவிட்டேன்’ என்று சொல்வதே வலியைத் தாங்க ஒரு வழியாக இருக்கும். அதிலும் தப்பில்லை. ஆனால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மற்றவர்கள் போடுகிறதைப் பார்த்து உங்களை மட்டம் தட்டிக்கொள்ளாதீர்கள்.

அதையே நினைத்துக்கொண்டு இருக்கிறேன். மறக்கச் சொல்கிறார்கள். மறப்பது நல்லதா, நினைப்பது நல்லதா?

நினைப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நீங்கள் கூப்பிடாமலே வந்து சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் நிற்கிறது: ‘அன்னைக்கு நான் போக விட்டிருக்கக் கூடாது, போக விட்டிருக்கக் கூடாது’. இது ஆரம்பத்தில் எல்லோருக்கும் வரும், தடுத்தால் இன்னும் வேகமாக வரும். இன்னொன்று, நீங்களே நேரம் ஒதுக்கி உட்கார்ந்து, என்ன நடந்தது, என் கையில் என்ன இருந்தது, என்ன இல்லை, இனி எனக்கு எது முக்கியம் என்று மெதுவாகப் பிரித்துப் பார்ப்பது. வளர்ச்சி என்று சொல்கிறார்களே, அதோடு சம்பந்தப்பட்டது இந்த இரண்டாவது வகை. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு நகர மாதக் கணக்கில் ஆகலாம், பெரும்பாலும் இன்னொரு மனுஷனிடம் பேசித்தான் நகர முடியும்.

எழுத வருகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம், மனதை அழுத்துகிற சம்பவத்தைப் பற்றி உள்ளே இருக்கிற உணர்ச்சியோடு எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் மனம் கனத்தது, ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. பிழை பார்க்க வேண்டாம், யாருக்கும் காட்ட வேண்டாம், எழுதிக் கிழித்துப் போட்டாலும் சரி. எழுத வராதவர்கள் போனில் பேசிப் பதிவு செய்து அழித்துவிடலாம். ஒரே நிபந்தனை, சம்பவம் நடந்த முதல் சில வாரத்தில் இதைச் செய்யாதீர்கள், செய்யும்போது ரொம்ப மோசமானால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வீட்டுக்காரர் யாரிடமும் பேசுவதில்லை, சாயங்காலமானால் குடிக்கிறார். குடித்தால்தான் தூக்கம் வருகிறது என்கிறார்.

தூக்கம் சீக்கிரம் வரும், உண்மைதான். ஆனால் பாதி ராத்திரியில் கலைந்துவிடும், தூக்கத்தில் கனவு காண்கிற பகுதி கெட்டுப்போகும், அந்தப் பகுதியில்தான் மூளை ஞாபகங்களை ஒழுங்குபடுத்துகிறது. அதனால் குடிக்கிறவரை பயம் அப்படியே பச்சையாக இருக்கும். அடுத்த நாள் கைநடுக்கமும் படபடப்பும் கூடி, மறுபடி கடைக்குப் போகச் சொல்லும்.

குடியை நிறுத்து என்று சண்டை போட்டுப் பார்த்திருப்பீர்கள். காலையில், தெளிவாக இருக்கும் நேரத்தில், அவர் கூட ஏதாவது வேலை செய்துகொண்டே பேசிப் பாருங்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது, புளி உடைக்கும்போது, முகத்துக்கு முகம் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்து. ‘அன்னைக்கு நீ என்ன பார்த்த’ என்று ஆரம்பிக்காமல் ‘ராத்திரி எப்படி இருக்கு உனக்கு’ என்று கேளுங்கள். ஆண்களுக்கு நம் ஊரில் அழ இடம் கொடுத்ததில்லை. பெண்களுக்காவது ஒப்பாரி இருந்தது, அதில் பெயர் சொல்லி, குறை சொல்லி, கோபப்பட்டு எல்லாம் கொட்ட முடிந்தது. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் அபிமன்யு சாகிற ராத்திரி கூட்டத்தைக் கவனித்திருக்கிறீர்களா? மகனைப் பறிகொடுத்த தாய்மார்கள் அந்த ஒரு ராத்திரி வாய்விட்டு அழுவார்கள், யாரும் அடக்கச் சொல்ல மாட்டார்கள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகிற ஆண்களையும் பார்த்திருக்கிறேன், அவர்கள்தான் எனக்குக் கவலை.

தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று முழுக்க நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம், அதனால் நிறுத்துவதை மருத்துவர் மேற்பார்வையில் செய்யுங்கள்.

பயந்திருக்கிறான் என்று மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள். போகலாமா?

போகலாம். விபூதி போடுவது, தர்காவில் ஓதுவது, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பது, இதில் எல்லாம் சொந்தபந்தம் சேர்ந்து ‘நீ தனியாக இல்லை’ என்று சொல்வது நடக்கிறது, அது மருந்துதான். ஆனால் அடிப்பது, பட்டினி போடுவது, சங்கிலியில் கட்டுவது, டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்வது என்று வந்தால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். மனநலம் பாதித்தவரைச் சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. கோயிலுக்கும் போங்கள், ஆஸ்பத்திரிக்கும் போங்கள்.

அந்த ரோட்டில் மறுபடி போகவே முடியவில்லை. வேலையே அந்த வழியில்தான்.

தவிர்க்கத் தவிர்க்கப் பயம் பெரிதாகும், ஒரேயடியாகத் தள்ளிவிட்டாலும் பெரிதாகும். நடுவில் ஒரு வழி இருக்கிறது, படிப்படியாகப் போவது. மேலே சொன்ன டிரைவர் முதலில் நின்றுகொண்டிருக்கிற லாரியில், சாவி போடாமல், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், நெஞ்சு படபடப்பு தானாக இறங்குகிறவரை. அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு. அப்புறம் பகலில் பஸ்ஸில், மச்சானைக் கூட்டிக்கொண்டு, நல்லம்பள்ளி வரை. அது பழகிய பிறகு கணவாய் தொடங்குகிற இடம் வரை. கடைசியில்தான் கணவாய் இறக்கம், இரட்டைப் பாலம், அதுவும் ஜன்னல் ஓரத்தில் கண்ணை மூடாமல். ஒவ்வொரு படியிலும் பயம் பாதியாகக் குறைகிறவரை இருந்துவிட்டுத்தான் இறங்க வேண்டும், உச்சத்தில் ஓடிவந்துவிட்டால் ஓடியதுதான் காப்பாற்றியது என்று மூளை பதிந்துகொள்ளும். அறிகுறி கடுமையாக இருந்தால் இதைத் தெரிந்த ஒருவர் துணையோடு செய்யுங்கள். பாலியல் வன்கொடுமை போன்றவற்றில் நீங்களாகவே செய்து பார்க்க வேண்டாம். ஆபத்து இன்னும் தீராத இடத்துக்கு, உதாரணமாக அடிக்கிற ஆள் இருக்கிற வீட்டுக்கு, இந்த முறை பொருந்தவே பொருந்தாது.

அவர் இப்போது ஓட்டுவது லோக்கல் டிரிப் மட்டும்தான். கணவாய் வழியாகப் போக முடியும், ஆனால் போக விருப்பமில்லை என்கிறார். அதுவும் சரிதான்.

துக்கம் விசாரிக்கப் போகிறோம். என்ன பேச வேண்டும்?

குறைவாகப் பேசுங்கள். ‘எல்லாம் நன்மைக்கே’, ‘விதி’, ‘நீதான் குடும்பத்துக்குத் தைரியம் சொல்லணும்’, ‘அவள் வந்த ராசி’, ‘இந்த மட்டும் தப்பிச்சியே, சந்தோஷப்படு’ இதெல்லாம் வேண்டாம். புருஷனை இழந்தவளைப் பார்த்து ராசி இல்லாதவள் என்று ஒரு வார்த்தை விழுந்தால் அது பத்து வருஷம் உள்ளே கிடக்கும். எப்படி நடந்தது, எங்கே அடிபட்டது, ரத்தம் எவ்வளவு என்று திரும்பத் திரும்பக் கேட்பதும் கொடுமை. பேரிடருக்குப் பிறகு எல்லோரையும் உட்கார வைத்து நடந்ததை முழுக்கச் சொல்ல வைக்கிற பழக்கம் ஒரு காலத்தில் உலகம் முழுக்க இருந்தது, அது உதவவில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் போனது என்று தெரிந்து கைவிட்டுவிட்டார்கள். 2011-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மனநல முதலுதவி வழிகாட்டி சொல்வது எளிமையானது: தேவை என்ன என்று பார், சொன்னால் கேள், உதவி இருக்கிற இடத்தோடு இணைத்து விடு.

நம் ஊர் பாஷையில் சொன்னால், சோறு எடுத்துக்கொண்டு போங்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போங்கள், எஃப்.ஐ.ஆர். நகல், போஸ்ட்மார்ட்டம் சான்று, இன்சூரன்ஸ், வாரிசுச் சான்று என்று அலைய ஒரு ஆள் கூடப் போங்கள். கருமாதிவரைக்கும் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், அதற்கடுத்த நாள் ஒருவரும் இருக்க மாட்டார்கள். நீங்கள் போக வேண்டியது அந்த நாளில்தான். முதல் வருஷத் திதி வருகிற வாரமும் ஒரு போன் போடுங்கள், அந்த நேரத்தில் ஆறியது போலத் தெரிந்ததெல்லாம் மறுபடி கிளம்பும், அது பின்னடைவு இல்லை.

அப்பாவை யானைக்குப் பறிகொடுத்த குழந்தை, எப்போதும் யானை விளையாட்டையே விளையாடுகிறது, ‘அப்பா செத்துட்டார்’ என்று பொம்மையைப் படுக்க வைக்கிறது. தடுக்கலாமா?

தடுக்காதீர்கள். குழந்தைகள் வாயால் சொல்ல முடியாததை விளையாட்டில் சொல்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ‘அப்புறம் என்ன ஆச்சு, யார் உதவிக்கு வந்தாங்க’ என்று கேளுங்கள். படுக்கையில் சிறுநீர் போவது, அம்மாவை விட்டு நகராமல் இருப்பது கொஞ்ச நாள் இருக்கும், அதற்கு அடிக்கவோ கேலி செய்யவோ கூடாது. அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்று பொய் சொல்ல வேண்டாம், செத்துப் போய்விட்டார், திரும்பி வர மாட்டார், அதற்கு நீ காரணம் இல்லை என்று அந்த வயதுக்குப் புரிகிற மாதிரி நேராகச் சொல்லுங்கள். சாப்பாடு, பள்ளிக்கூடம், தூக்கம் பழைய நேரப்படி நடக்கட்டும். ஒரு மாதத்துக்கு மேல் அதே விளையாட்டு, அதே முடிவு, முகத்தில் பயம் மாறவே இல்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தூக்க மாத்திரை போடலாமா? மருந்து ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்க விட முடியாதாமே?

மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். அல்பிரசோலம், டயசிபாம் வகை மாத்திரைகளை அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் அதற்கென்று கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இலேயே சொல்லியிருக்கிறது, பழக்கமாகிவிடுகிற மாத்திரைகளும் இவைதான். ஏற்கெனவே பல மாதமாகப் போடுகிறவர்கள் சட்டென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்டு மெதுவாகக் குறைக்க வேண்டும். பி.டி.எஸ்.டி.-க்குக் கொடுக்கிற செர்ட்ராலின் போன்றவை வேறு வகை. பலன் தெரியச் சில வாரம் ஆகும், போதைப் பழக்கம் உண்டாக்காது, நிறுத்தும்போதும் மருத்துவர் சொல்படி படிப்படியாக நிறுத்தலாம். மருந்தில்லாத சிகிச்சையும் இருக்கிறது. அந்தச் சம்பவத்தைப் பற்றிய எண்ணங்களையும் அதனால் வந்த பழக்கங்களையும் பேசிப் பேசி மாற்றுகிற, அதிர்ச்சியை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும், கண்களை இடவலமாக அசைத்துக்கொண்டே அந்த ஞாபகத்தை அணுகுகிற இ.எம்.டி.ஆர். முறையும் நன்றாகச் சோதிக்கப்பட்டவை. பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வு. வருஷக்கணக்கில் போக வேண்டியிருக்கும் என்று பயப்பட வேண்டாம்.

எங்கே போவது? செலவு எவ்வளவு?

விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் அரசே ஏற்கிறது. உடம்பு தேறி டிஸ்சார்ஜ் ஆகும்போது, தூக்கம், பயம் பற்றி அந்த வார்டிலேயே கேட்டு மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, புறநோயாளியாக இலவசமாகப் பார்க்கலாம். ஓ.பி. சீட்டு காலையில்தான் போடுவார்கள், ஆதாரும் பழைய மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்குப் பெங்களூரு ஓசூர் ரோட்டிலேயே நிம்ஹான்ஸ் இருக்கிறது, தமிழ் பேசுகிறவர்கள் அங்கே நிறையப் பேர் வருகிறார்கள்.

நேரில் போக முடியாவிட்டால் 14416, இது மத்திய அரசின் டெலி மானஸ், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மாநில அரசின் 104-இலும் மனநல ஆலோசனை உண்டு. வீட்டில் அடி, பாலியல் தொல்லை என்றால் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கேஸ் ஆகும் என்று பயந்து தாமதிக்காதீர்கள், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த மாதிரிப் பேச்சு வீட்டில் எழுந்திருக்கிறது என்றால் தோட்டத்துக்கு வாங்கி வைத்த பூச்சி மருந்தை இன்றைக்கே எடுத்து வேறொருவர் வீட்டில் கொடுத்துப் பூட்டச் சொல்லுங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள், ‘சாகணும்னு தோணுதா’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்று சொன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தபடியே 14416-ஐ அழுத்தி, போனை ஸ்பீக்கரில் போடுங்கள்.